கால் பிசகினால் கொலுசைக் கழற்று, விரலிலிருந்து சுற்று

கால் பிசகியதும் வீட்டில் எல்லோரும் ஐஸைத் தேடுவார்கள், இல்லையென்றால் தைலத்தைத் தேடுவார்கள். நான் முதலில் பார்ப்பது கொலுசை. வீக்கம் மளமளவென்று ஏறும். அதற்குள் கொலுசு, மெட்டி, காலில் கட்டியிருக்கும் கருப்புக் கயிறு மூன்றும் இறங்கியாக வேண்டும். வீங்கிய பிறகு கொலுசின் திருகாணி சதையில் புதைந்துகொள்ளும், அப்புறம் கட்டிங் பிளேயர்தான். கருப்புக் கயிற்றை அறுக்க மட்டும் சில அம்மாக்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். "கோயில்ல மந்திரிச்சுக் கட்டினது டீச்சர், அறுக்காதீங்க" என்பார்கள். அறுக்க வேண்டாம், அவிழ்த்து அடுத்த காலில் கட்டிவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். வாலிபால், கோகோ இரண்டும் என் பொறுப்பு. வாலிபாலில் கால் பிசகுவது பெரும்பாலும் நெட்டுக்கு அடியில்தான். எகிறி அடித்துவிட்டு இறங்கும்போது எதிர் டீம் பெண்ணின் பாதத்தின் மேல் இறங்கிவிடுவார்கள். கோகோவில் கம்பத்தைப் பிடித்து வெடுக்கென்று திரும்பும் இடத்தில். கிரவுண்டுக்கு வெளியே என்றால் மழைக்காலத்து ரோட்டுப் பள்ளம், சில்வர் பீச்சில் பிள்ளைகள் தோண்டி வைத்த குழி, தை 5-ஆம் தேதி ஆற்றுத் திருவிழாவில் பெண்ணையாற்று மணல். அன்றைக்குக் கூட்டத்தில் கீழே பார்த்து நடக்க முடியாது, மறுநாள் வகுப்புக்கு இரண்டு பேராவது நொண்டிக்கொண்டு வருவார்கள்.

எங்கே பிசகினாலும் மடங்குகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளங்கால் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ள, உடம்பு பாரம் முழுக்கக் கணுக்காலின் வெளிப்பக்கத்து நார்களில் விழுகிறது. டாக்டர்கள் லிகமெண்ட் என்பது அதைத்தான். வெளிப்பக்கத்தில் அப்படி மூன்று நார்கள் இருக்கின்றன. முதலில் அடிபடுவது முன்பக்கத்து நார். அதனால்தான் வெளிப்பக்கக் கணு எலும்புக்குக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் கீழே, கோழி முட்டை மாதிரி வீக்கம் எழுந்து நிற்கிறது. கட்டு போட வேண்டியது அந்த வீக்கத்துக்காக. கட்டு எலும்பைச் சேர்க்காது, நாரை ஒட்டாது, அதைப் போட்டுக்கொண்டு அடுத்த செட் ஆடவும் முடியாது. கசிகிற நீர் ஓரிடத்தில் தேங்காமல் அழுத்திப் பிடிப்பதும், காலை அசைக்காதே என்று ஞாபகப்படுத்துவதும்தான் அதன் வேலை. இது புரிந்துவிட்டால் எங்கே ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஆனால் துணியைக் கையில் எடுக்கும் முன்னால் எலும்பைப் பாருங்கள். கனடாவில் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992-ல் இதற்கு ஒரு விதி எழுதினார்கள். எக்ஸ்ரே தேவையா இல்லையா என்று கையால் தொட்டே முடிவு செய்யும் விதி. உலகம் முழுக்க எமர்ஜென்சி வார்டுகளில் இதைத்தான் பார்க்கிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கிற கணு எலும்பின் பின் ஓரத்தை, நுனியிலிருந்து மேலே சுமார் 6 சென்டிமீட்டர் வரைக்கும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். நுனியையும் அழுத்திப் பாருங்கள். அப்புறம் பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும், அதை அழுத்துங்கள். உள்பக்கத்தில், கணு எலும்புக்கு முன்னால் கொஞ்சம் கீழே இருக்கிற மேட்டையும் அழுத்துங்கள். இந்த இடங்களில் எங்கேயாவது எலும்பின் மேலேயே தொட்டதும் துடித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலி எலும்பில் இல்லாமல் அதற்கு முன்னால் இருக்கும் மெத்தென்ற வீக்கத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் நார்தான். இன்னொன்று, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். விழுந்த உடனேயும் முடியவில்லை, இப்போதும் முடியவில்லை என்றால் கட்டைப் பற்றி யோசிக்காமல் கிளம்புங்கள். எங்கள் பக்கம் என்றால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, பாகூர், கன்னியக்கோவிலைத் தாண்டியவர்களுக்கு ஜிப்மர் வசதி.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நான் இன்னும் கொஞ்சம் பயப்படுவேன். வளர்கிற வயதில் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கும், அது நாரைவிடப் பலம் குறைந்தது. பெரியவர்களுக்கு நார் கிழிகிற அதே அடியில் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு விலகலாம். அதனால் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் கணு எலும்பின் மேலேயே வலி என்றால், "சுளுக்குதான், சரியாயிடும்" என்று நான் சொல்வதில்லை. கால் கோணிக்கொண்டு இருந்தால், பாதம் சில்லிட்டிருந்தால், விரல்களில் உணர்ச்சி இல்லையென்றால், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் எதையும் சுற்றாதீர்கள். நிமிர்த்திப் பார்க்கவும் வேண்டாம். இருக்கிற நிலையிலேயே இரண்டு பக்கமும் தலையணை வைத்து அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

எலும்பில் ஒன்றும் இல்லையென்றால் முதலில் ஐஸ். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்கக் கூடாது, ஈரத் துண்டில் சுற்றி 15 நிமிடம், மிஞ்சினால் 20 நிமிடம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வைக்கலாம். பள்ளிக்கூட வாசலில் ஐஸ் வண்டிக்காரர் நின்றால் அவர் பெட்டியிலிருந்து ஒரு கை ஐஸ் தூள் வாங்கிக்கொள்வேன், அவரும் காசு கேட்க மாட்டார். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்துவது என்ற நான்கையும் 1978-ல் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். பிற்பாடு அவரே, ஐஸை அளவுக்கு மீறி வைத்தால் ஆறுவது தாமதமாகலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். ஐஸ் வலியைக் குறைக்கும், நான் அதற்குத்தான் வைக்கிறேன். நாள் முழுக்கக் காலை ஐஸ் வாளியில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

சரி, கட்டு. மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் என்று கேளுங்கள். நான்கு மீட்டர் நீளத்தில் சுருளாக வரும். பெரியவர்களுக்கு 10 சென்டிமீட்டர் அகலம், பள்ளிப் பெண்களுக்கு 8, சின்னக் குழந்தைக்கு 6. கிடைக்கவில்லையென்றால் பழைய பருத்திப் புடவையை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளலாம். ஆனால் புடவை நீளாது, அதனால் இறுக்கவே கூடாது. கையை விட்டால் நழுவாத அளவுக்கு இருந்தால் போதும். நைலக்ஸ், சில்க் வேண்டாம், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, ஆனால் பாதிப் பலன் இதில்தான். கணு எலும்பு புடைத்து நிற்கிறது, அதைச் சுற்றிப் பள்ளம். மேலே துணியைச் சுற்றினால் அது எலும்பின் மேல் ஏறிப் பள்ளத்தைத் தொடாமலேயே தாண்டிப் போய்விடும். நீர் தேங்குவதோ அந்தப் பள்ளத்தில். ஒரு கைக்குட்டையை நீளவாக்கில் மடித்து மடித்து இரண்டு விரல் அகலப் பட்டையாக்கிக்கொள்ளுங்கள். அதை வளைத்து, வெளிப்பக்கக் கணு எலும்பின் அடியைச் சுற்றி வையுங்கள். வளைவு கீழே, இரண்டு முனையும் மேலே, எலும்பு நடுவில் திறந்தபடி. இப்போது கட்டு அழுத்தும்போது எலும்பை விட்டுவிட்டுப் பள்ளத்தை அழுத்தும். கைக்குட்டை இல்லையென்றால் பஞ்சு, பழைய பனியன் துணி, எதுவும் சரி. மடிப்பில் முடிச்சு மட்டும் இருக்கக் கூடாது.

அடிபட்டவரைக் கட்டிலின் ஓரத்திலோ பெஞ்சிலோ உட்கார வைத்து, குதிகாலை உங்கள் தொடையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதம் தொங்கக் கூடாது. நான் பிள்ளைகளிடம், "கட்டைவிரல் உன் மூக்கைப் பார்க்கட்டும்" என்பேன். தொங்கிய பாதத்தில் கட்டினால், எழுந்து நிற்கும்போது துணி முன்பக்கம் சுருங்கித் தோலை அறுக்கும்.

சுருளைப் பிடிக்கும்போது உருண்டை மேல்பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் துணி தோலின் மேல் தானாகப் பிரிந்துகொண்டே போகும். விரல்கள் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு ஆரம்பியுங்கள். கணுக்காலில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் போட்ட கட்டுகளில் நான் பார்ப்பதில் பாதி இப்படித்தான் இருக்கிறது. கணுக்காலைச் சுற்றி மட்டும் நான்கு சுற்று, கீழே பாதம் பன்னாக வீங்கியிருக்கும். மேலே அடைத்துவிட்டால் நீர் கீழேதானே இறங்கும்.

நுனியைப் பாதத்தின் மேல்புறம், வெளி ஓரத்தில் வையுங்கள். அங்கிருந்து மேல்வழியாக உள்பக்கம், உள்ளங்காலுக்கு அடியில் நுழைந்து வெளிப்பக்கமாக மேலே வர வேண்டும். திசை முக்கியம். அடியில் போகும் துணி வெளிப்பக்கத்தில் ஏறினால், ஒவ்வொரு சுற்றும் பாதத்தின் வெளி ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், கிழிந்த நாருக்கு இழுப்பு குறையும். மாற்றிச் சுற்றினால் கால் பிசகிய திசையிலேயே கட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். அதே இடத்தில் இரண்டு சுற்று, பிடிமானத்துக்கு. அப்புறம் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடிக்கொண்டு கணுக்காலை நோக்கி ஏறட்டும்.

பாதம் வளைந்து காலாகிற இடம் வந்ததும் எட்டு போட வேண்டும். வெளிப்பக்கம் மேலே வந்த துணியைப் பாதத்தின் மேல் குறுக்காக உள் கணு எலும்புக்குக் கொண்டுபோங்கள். பின்னால் குதிகால் நரம்பைச் சுற்றி வெளிக் கணு எலும்புக்கு வாருங்கள். அங்கிருந்து மறுபடி முன்னால் குறுக்காக இறங்கி, பாதத்தின் உள்பக்கம், உள்ளங்காலுக்கு அடியில் போய் வெளிப்பக்கம் மேலே. இது ஒரு எட்டு. இப்படி மூன்று. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் துணியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் குதிகாலின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு போகச் செய்யுங்கள். நடுவில் தோல் தெரிகிற சந்து இருந்தால் வீக்கம் அந்த வழியாகப் பிதுங்கும், அதனால் சந்து விடாதீர்கள். குதிகாலின் அடிமுனை லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை.

எட்டு முடிந்ததும் கணு எலும்புக்கு மேலே நான்கு விரல் அகலம் வரைக்கும் ஏறி முடித்துவிடுங்கள். துணி மிஞ்சினால் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்காமல் மேலே கொண்டுபோங்கள், அல்லது வெட்டிவிடுங்கள். கூட வரும் கொக்கிக் கிளிப்பை முன்பக்கம் குத்துங்கள், எலும்பின் மேலோ பின்னாலோ வேண்டாம். குழந்தை இருக்கிற வீடென்றால் கிளிப்பே வேண்டாம், மைக்ரோபோர் டேப் ஒட்டிவிடுங்கள்.

எவ்வளவு இறுக்கம் என்பதைக் கைதான் பழகிக்கொள்ள வேண்டும். துணியை முழுக்க இழுத்தால் எவ்வளவு நீளுமோ அதில் பாதி போதும். விரல் பக்கம் கொஞ்சம் கூட, மேலே போகப் போகக் கொஞ்சம் குறைவு. கட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்திவிடுங்கள். வெளுத்து, இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். எங்கள் பெண்களிடம் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, காலில் மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத நாளே கிடையாது. அப்படியென்றால் விரலின் அடிச்சதையை அழுத்திப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை, அப்புறம் அன்றைக்கு முழுக்க அவ்வப்போது பார்க்க வேண்டும். வீக்கம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும், காலையில் சரியாக இருந்த கட்டு மத்தியானம் இறுக்கமாகிவிடும். விரல் மரத்துப்போனாலும், எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தாலும், நீலம் பாய்ந்தாலும், விண்விண்ணென்று வலி கூடினாலும் உடனே அவிழ்த்துவிட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். அவிழ்த்தும் அப்படியே இருந்தால் டாக்டர்தான். ராத்திரி தூங்கும்போது அவிழ்த்துவிடச் சொல்வேன், தூக்கத்தில் யார் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? காலுக்கு அடியில் இரண்டு தலையணை, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்தக் கட்டை வீட்டில் போடாதீர்கள். கால் மரத்திருந்தால் இறுக்கம் தெரியாது, தெரிய வரும்போது புண்ணாகியிருக்கும்.

கட்டு போட்டபடி டைல்ஸ் தரையில் நடக்கக் கூடாது, வழுக்கும். ஹவாய் செருப்பும் நிற்காது. பழைய கேன்வாஸ் ஷூவின் லேஸைத் தளர்த்தி மாட்டிக்கொண்டால் பாத்ரூம் வரைக்கும் பயமில்லாமல் போய்வரலாம்.

இப்போது பாட்டிகளிடம் வருவோம். கட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால், மறுநாள் கட்டு இருக்காது, மஞ்சளும் சுண்ணாம்பும் காய்ந்து ஒட்டியிருக்கும். அல்லது புளியும் உப்பும் கொதிக்க வைத்துச் சுடச்சுடப் பற்று. அல்லது சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப்போய் நல்லெண்ணெய் விட்டு உருவியிருப்பார்கள். இரட்டைப் பிறவி நீவினால் ஒரே நாளில் போய்விடும் என்றும் சொல்வார்கள். எங்கள் பள்ளியில் இரட்டைச் சகோதரிகள் படித்தபோது அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய கிராக்கி! நான் பற்றுக்கு எதிரி இல்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் சூடும் உருவுதலும் வேண்டவே வேண்டாம். உள்ளே கிழிந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, சூடு அதைக் கூட்டும், உருவினால் கிழிசல் பெரிதாகும். மூன்று நாள் கழிந்து வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகு வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுக்கட்டும், பாட்டிக்கும் திருப்தி. பற்றோ தைலமோ பூசிவிட்டு அதன் மேல் கட்டு போடுவது மட்டும் எந்த நாளும் கூடாது, தோல் வெந்து கொப்புளம் வந்துவிடும்.

நீலமும் பச்சையுமாக ரத்தக்கட்டு ஒரு வாரத்தில் விரல் பக்கம் இறங்கி வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது கீழே வழிந்து வருகிற பழைய ரத்தம்தான்.

காலை ஒரேயடியாகத் தூக்கி வைத்திருப்பதும் தப்பு. இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து, வலி பொறுக்கிற அளவில், படுத்தபடியே கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதச் சொல்வேன். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்து இதற்கு நல்லது, 'இ'யும் 'ஐ'யும் எழுதி முடிப்பதற்குள் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும். கால் ஊன்ற முடிந்ததும் பல் தேய்க்கும்போது சுவர் ஓரமாக அந்த ஒற்றைக் காலில் நிற்கட்டும். நாருக்குள் இருக்கும் நரம்புதான் பாதம் எப்படிச் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அடிபட்ட பிறகு அது மந்தமாகிவிடுகிறது. ஒரு தடவை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுவதற்கு இது முக்கியமான காரணம். வலி போனதும் எல்லோரும் விட்டுவிடுவது இந்தப் பயிற்சியைத்தான்.

பேண்டேஜை சோப்பு நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் பரப்பிக் காய வையுங்கள். நம் ஊர் வெயிலில் கொடியில் தொங்கவிட்டால் இழுவை போய்விடும். இழுத்தால் திரும்பிச் சுருங்காத பேண்டேஜைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது இனிமேல் வெறும் துணி.

லேசான பிசகல் இரண்டு வாரத்தில் சரியாகும். பாதி கிழிந்திருந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். முழுக்க அறுந்திருந்தால் மூன்று மாதம்கூட ஆகலாம். ஐந்தாறு நாள் போயும் பாரம் வைக்க முடியவில்லையென்றால், முதலில் எக்ஸ்ரே வேண்டாம் என்று தோன்றியிருந்தாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மண்டலப் போட்டி வருகிறது, மாவட்டப் போட்டி வருகிறது என்று பிள்ளைகள் அழுவார்கள். அடிபட்ட காலில் பத்துத் தடவை நொண்டி அடித்துக் காட்டச் சொல்வேன், வலிக்காமல், தடுமாறாமல். அது முடிந்தால் ஓட்டம், ஓட்டம் முடிந்தால் சடக்கென்று திரும்புவது, அப்புறம்தான் கோர்ட். அதுவரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதட்டும்.